ஒரு போன், இரண்டு பிள்ளைகள்: வீட்டுக்கல்விக்கு இணையத்தில் இலவசமாக என்ன கிடைக்கும்?

நீங்கள் எழுதியிருப்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மகன் ஏழாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. ஆங்கில வழித் தனியார் பள்ளியில் கட்டணம் கட்டி மாளவில்லை. பையனும் அடிக்குப் பயந்து தினம் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான். அதனால் இருவரையும் நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறீர்கள். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் கணவர் வயலிலிருந்து திரும்பிய பிறகுதான் உங்கள் கைக்கு வரும். தமிழில், காசில்லாமல், நம்பிப் படிக்கக்கூடிய பாடங்கள் இணையத்தில் எங்கே இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், "பின்னாடி பத்தாவது எழுத விடுவார்களா?" என்றும் ஒரு கேள்வி. உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்தக் கடைசி வரிதான் என்று படுகிறது. இரண்டுக்கும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். பிறகு வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகப் பல வருடம் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு, பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகள் தேர்வு எழுத உதவிவருகிறேன். கணக்கும் சின்னக் குழந்தைகள் படிக்கப் பழகுவதும் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள். சட்டம் என் துறை கிடையாது. அந்தப் பகுதியில் சட்டத்தின் வரி எது, என் கருத்து எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்று: முதுகெலும்பாகத் தமிழ்நாடு அரசுப் பாடநூலை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எல்லாப் புத்தகமும் பள்ளிக்கல்வித் துறையின் தளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது, தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும். 2018, 2019 ஆண்டுகளில் வந்த பாடத்திட்டப் புத்தகங்களில் பாடத்துக்குப் பாடம் ஒரு கியூஆர் கோடு இருக்கும். திக்‌ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோவோ பயிற்சியோ திறக்கும். பாடநூலைச் சொல்வதற்குக் காரணம் அது உலகிலேயே சிறந்தது என்பதால் கிடையாது. எதற்குப் பிறகு எது என்ற வரிசை அதில் இருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்த்த குறை இந்த வரிசைதான்: விண்வெளி பற்றி நிறைய வீடியோ பார்த்திருப்பான், ஆனால் பின்னங்களைக் கூட்டத் தெரியாது. இன்னொன்று, எப்போது பள்ளிக்குத் திரும்பினாலும், பள்ளியில் சேராமல் தனித்தேர்வராகத் தேர்வு எழுதினாலும், கேள்வி இந்தப் புத்தகத்திலிருந்துதான் வரும். தரவிறக்கும்போது பதிப்பு ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகங்கள் வாட்ஸ்அப்பில் நிறையச் சுற்றுகின்றன.

அந்தப் புத்தகத்துக்குத் துணையாகக் கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்டில் தொடங்கியது. நிகழ்ச்சிகள் யூடியூபில் இருக்கின்றன. அரசுப் பள்ளி ஆசிரியர்களே நடத்தும் பாடங்கள். சிலது அருமை, சிலது கரும்பலகையை அப்படியே படம் பிடித்தது போல இருக்கும். உங்கள் மகனுக்கு மணற்கேணி என்ற செயலியையும் இறக்குங்கள். 2023-ல் பள்ளிக்கல்வித் துறை வெளியிட்டது, ஆறு முதல் பன்னிரண்டு வரைக்குமானது. அறிவியலில் இரத்த ஓட்டம், அணு, ஒளி மாதிரிப் படத்தில் பார்த்தால்தான் புரியும் விஷயங்களுக்கு அது நன்றாக உதவுகிறது. மகளுக்கு "எண்ணும் எழுத்தும்" திட்டத்தின் பயிற்சி நூல்களும் ஆசிரியர் கையேடுகளும் போதும். 2022-ல் வந்த திட்டம். அதில் குழந்தையை வயதை வைத்துப் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையை வைத்துப் பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை அரும்பு நிலையில் இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கிருந்தே ஆரம்பியுங்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் பலர் தமிழ் எழுத்துகளில் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைப்பது: தினமும் வாசிப்பு. இதற்கு இணையம் உண்மையாகவே ஒரு வரம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் ஏராளமான படக்கதைகள் இருக்கின்றன. எல்லாம் திறந்த உரிமத்தில் வெளியானவை, அதனால் இறக்கலாம், அச்சடிக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். நான்கு வாசிப்பு நிலைகள் உண்டு. முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரி, சில நேரம் ஒரே சொல். நான் செய்யச் சொல்வது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முதல், இரண்டாம் நிலைக் கதைகள் நாலைந்து இறக்கி, பஜாரில் ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளையில் அச்செடுத்து, நடுவில் தைத்துவிடுங்கள். வண்ணம் அவள் அடித்துக்கொள்வாள். முதல் நாள் நீங்கள் விரல் வைத்து வாசிக்க அவள் கேட்கட்டும், மறுநாள் இருவரும் சேர்ந்து, மூன்றாம் நாள் அவளே. மனப்பாடமாகச் சொல்கிறாளா, உண்மையில் வாசிக்கிறாளா என்று சந்தேகம் வந்தால், கதையின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டிக் கேளுங்கள், உடனே தெரிந்துவிடும். ஒரு கதை தானாக ஓடும் வரை அடுத்த நிலைக்குப் போகவேண்டாம்.

பையனுக்கு இன்னும் பெரிய உலகம் இருக்கிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை தமிழ் நூல்களை இலவச மின்னூலாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. அதே தளத்தில் சின்னவளுக்கு மழலைப் பாடல்களும் உண்டு. ஆனால் ஏழாம் வகுப்புப் பையனை நேரே அங்கே இறக்கிவிட்டால் தொலைந்துபோவான். நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவேண்டும். கிளை நூலகம் பக்கத்தில் இருந்தால் சின்னத் தொகை கட்டி உறுப்பினராக்கிவிடுங்கள். சிறுவர் கதைப் புத்தகத்துக்குப் போனைவிட அதுவே நல்லது.

கணக்குக்கு வருகிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் தளத்தில் அசையும் மாதிரிகள் இருக்கின்றன: பின்னத்தைத் துண்டு துண்டாகச் சேர்ப்பது, தராசைச் சமன் செய்வது, பேட்டரியும் பல்பும் வைத்து மின்சுற்று கட்டுவது. பல மாதிரிகள் தமிழிலேயே கிடைக்கின்றன. ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். கான் அகாடமி கேள்விப்பட்டிருப்பீர்கள். முற்றிலும் இலவசம், விளம்பரம் கிடையாது, பயிற்சிக் கணக்குகள் ஏராளம். முழு வளமும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். உங்கள் மகன் ஆங்கில வழியில் படித்தவன் என்பதால் அவனுக்குச் சரிப்படும். அவன் தப்பாகச் செய்த கணக்கைக் காகிதத்தில் திரும்பப் போடச் சொல்லுங்கள். திரையில் நாலு விடையில் ஒன்றைத் தொடுவது வேறு, வழிமுறை எழுதுவது வேறு.

நம் டெல்டாவில் கணக்குக்கு இன்னொரு பாடநூல் தினம் வீட்டு வாசலில் விழுகிறது: செய்தித்தாளில் மேட்டூர் அணை நிலவரம். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இதை வைத்துத்தான் பெரிய எண்களைச் சொல்லித்தருகிறேன். அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. இன்று விநாடிக்கு 10,000 கன அடி திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. அதையும் அவனே 24, 60, 60 என்று பெருக்கிக் கண்டுபிடிக்கட்டும். பெருக்கினால் 86 கோடியே 40 லட்சம் கன அடி, அதாவது 0.864 டி.எம்.சி. அணை நிறைந்திருந்து, வரத்தே இல்லை என்றால் எத்தனை நாள் தாங்கும்? 93.47 ஐ 0.864 ஆல் வகுத்தால் 108 நாள் சொச்சம். குறுவை ரகம் எத்தனை நாள் பயிர் என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்; 110 நாளை ஒட்டி ஒரு எண் சொல்வார். குறுவைக்கு அணை திறக்கும் வழக்கமான தேதியான ஜூன் 12-க்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று பையனுக்கு அப்போது புரியும். அடுத்த நாள் இதைக் கேளுங்கள்: 60 அடி தண்ணீர் இருந்தால் கொள்ளளவில் பாதி இருக்குமா? "ஆமாம்" என்பான். செய்தித்தாளில் அந்த உயரம் வரும் நாளில் பார்த்தால் பாதிக்கும் வெகு குறைவாக இருக்கும். அணை அடியில் குறுகி மேலே போகப்போக விரிகிறது. கன அளவு என்ற பாடத்தை நான் இதைவிட நன்றாக எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை.

அறிவியலுக்கும் அப்படித்தான். உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. வடுவூர் ஒரு பஸ் தூரம், கோடியக்கரை ஒரு நாள் பயணம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடம் தரும் மெர்லின் என்ற செயலி இலவசம். பறவையின் அளவு, நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று சில கேள்வி கேட்டு அடையாளம் சொல்லும். படம் எடுத்துக் காட்டினாலும் சொல்லும். நம் பகுதிக்கான தொகுப்பை முன்பே இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். பெயர் ஆங்கிலத்தில் வரும். தமிழ்ப் பெயரை வயலில் வேலை செய்கிற பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதட்டும். நத்தை குத்தி நாரை ஏன் நடவு வயலைச் சுற்றியே திரிகிறது, அதன் அலகு நடுவில் ஏன் இடைவெளி விட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்வி போதும், உணவுச் சங்கிலி பாடம் முழுவதும் வந்துவிடும். வீட்டில் கிடைக்கும் கழிவுப் பொருட்களை வைத்துச் சோதனை செய்ய அரவிந்த் குப்தாவின் தளம் இருக்கிறது. படத்தைப் பார்த்தே செய்யலாம், மொழி தடையாக இருக்காது.

ஒரே போன் என்பதைப் பெரிய குறையாக நினைக்காதீர்கள். இரவில் போன் கைக்கு வந்ததும் மறுநாளைக்கு வேண்டியதை இறக்கிவையுங்கள். யூடியூபிலும் திக்‌ஷாவிலும் அதற்கு வசதி இருக்கிறது. பகலில் புத்தகம், நோட்டு, அச்செடுத்த கதை. கிவிக்ஸ் என்ற செயலி மூலம் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் மெமரி கார்டில் போட்டுக்கொள்ளலாம், அதற்குப் பிறகு டேட்டாவே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நம் பக்கம் கரண்டும் சிக்னலும் இல்லாமல் கிடந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கையில் இருக்கும் காகிதமும் கார்டும்தான் அந்த நாட்களில் படிப்பு. வீடியோ பார்க்கும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருங்கள். நடுவில் நிறுத்தி, "இப்ப என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். பத்து நிமிட வீடியோவுக்கு அரை மணி நேரம் நோட்டு வேலை இருந்தால்தான் அது பாடம். வீடியோ பார்த்து மட்டும் பிள்ளைகள் எவ்வளவு கற்கிறார்கள் என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு. பார்த்து முடித்ததும் தலைப்பைச் சரியாகச் சொல்வார்கள், கணக்கைக் கொடுத்தால் கை நகராது.

"இலவசம்" என்று போட்டுவிட்டு முதலில் போன் நம்பர் கேட்கும் செயலிகளைத் தொடாதீர்கள். சில நாள் பாடம் காட்டிவிட்டு, பிறகு விற்பனைக்கு ஆள் மாற்றி ஆள் கூப்பிடுவார்கள், பிள்ளையின் எதிர்காலம் என்று பயமுறுத்தித் தவணையில் கட்டச் சொல்வார்கள். நான் மேலே சொன்ன எந்தத் தளத்துக்கும் செயலிக்கும் ஒரு ரூபாய் கட்ட வேண்டியதில்லை.

இனி அந்தக் கடைசி வரி. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அது சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சே அதில் இல்லை. அனுமதி என்றும் இல்லை, தடை என்றும் இல்லை. இதைத் தாண்டி உறுதியாகச் சொல்கிறவர்கள், எந்தப் பக்கம் சொன்னாலும், தங்கள் கருத்தைச் சொல்கிறார்கள். உறுதியான ஒன்று உங்களுக்கு ஆதரவாகவே இருக்கிறது: பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளை எப்போது வந்தாலும், வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரை கதவு திறந்தே இருக்கிறது. பிள்ளையை அடிப்பதையும் அதே சட்டம் தடை செய்கிறது. உங்கள் மகனுக்கு நடந்தது சரியில்லை என்பதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நின்றுபோன பிள்ளைகளைத் தேடி வட்டார வள மையத்திலிருந்து வீட்டுக்கு ஆள் வருவார்கள். நானும் அப்படிப் போனவள்தான். ஒளிக்க வேண்டாம். நோட்டுகளை எடுத்துக் காட்டுங்கள், நிலைமையைச் சொல்லுங்கள். வருகிறவர் பெரும்பாலும் ஆசிரியராகவே இருப்பார், உதவத்தான் பார்ப்பார்.

பத்தாவது எழுத இரண்டு வழி. ஒன்று, மாநில வழி: அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைப் பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் தனித்தேர்வராக எழுதலாம், பிறகு பதினாலரை வயதில் பத்தாம் வகுப்பு. பத்தாவதுக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக முன்கூட்டியே பதிய வேண்டும். இதைத் தவறவிட்டு ஒரு வருடம் இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், தமிழ் வழியும் உண்டு, பாடப் புத்தகங்கள் அவர்கள் தளத்திலேயே இலவசம். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்புக்குள் முடித்தால் போதும். அடுத்து எந்தக் கல்லூரி, எந்த வேலை என்று மனதில் இருக்கிறதோ, அங்கே இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்பதை மட்டும் பதிவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் கேட்காதது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், இரண்டுக்கும் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி (புதுமைப்பெண் திட்டம் 2024 முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு). 7.5 சதவீதம் பிறகு பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் வந்தது. வீட்டில் படித்த வருடங்கள் இந்தக் கணக்கில் சேராது. மகன் ஆறாம் வகுப்பைத் தனியார் பள்ளியில் முடித்துவிட்டதால் அவன் விஷயத்தில் இந்த வாய்ப்பு ஏற்கனவே சுருங்கிவிட்டது. மகள் மூன்றாம் வகுப்பில்தான் இருக்கிறாள். அவளை இன்னும் சில வருடம் வீட்டில் நன்றாக வாசிக்கவும் எழுதவும் பழக்கி, ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றி இப்போதே இருவரும் பேசி வையுங்கள். மகனுக்கும், அடி விழாத ஒரு அரசுப் பள்ளி பக்கத்தில் இருந்தால், ஒரு நாள் போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். அதுவரைக்கும் இருவரின் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.), எமிஸ் எண் என்கிற மாணவர் அடையாள எண் இரண்டையும் பழைய பள்ளியிலிருந்து வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு பத்திரப்படுத்துங்கள். கட்டணப் பாக்கி என்று டி.சி. தர இழுத்தடித்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். அரசுப் பள்ளியில் சேர்க்க டி.சி. வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அது தாமதமானதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.